ரத்தத்தில் சரியாக இருக்கும் கொலஸ்ட்ரால் உயிரணுவில் தேங்குவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நடை தள்ளாடுகிறது, படி இறங்கும்போது கண்ணைக் கீழே தாழ்த்த முடியாமல் தடுமாறுகிறான், வாய்விட்டுச் சிரித்தால் கால் துவண்டு விழுகிறான். நீமன்-பிக் சி வகை நோய், உயிரணுக்களில் கொலஸ்ட்ரால் தேங்குகிறது என்கிறார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கிறது. முட்டை, நெய்யை நிறுத்திவிட்டேன். நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். அதனால்தான் இது வந்ததா? 4 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.

பதில்: அன்புள்ள சகோதரி, நிறுத்திய முட்டையையும் நெய்யையும் மீண்டும் கொடுங்கள். வளரும் பிள்ளைக்கு அவை வேண்டும். அவற்றை விலக்குவதால் இந்த நோய் சிறிதும் குறையாது.

கொலஸ்ட்ரால் ஒவ்வோர் உயிரணுவின் சவ்வுக்கும் இன்றியமையாத கட்டுமானப் பொருள். ரத்தத்திலிருந்து வரும் கொலஸ்ட்ரால், உயிரணுவுக்குள் லைசோசோம் என்னும் சிறு பையை அடைந்ததும், என்பிசி2 என்ற புரதம் அதைப் பற்றி, பையின் சவ்வில் பதிந்துள்ள என்பிசி1 புரதத்திடம் ஒப்படைக்கிறது. அங்கிருந்துதான் அது தேவையான சவ்வுகளுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த இரண்டில் ஒன்று பழுதானாலும் கொலஸ்ட்ரால் பைக்குள்ளேயே அடைபடும், அதனுடன் ஸ்பிங்கோலிப்பிட் என்னும் வேறு சவ்வுக் கொழுப்புகளும் சேரும். உயிரணுவோ தனக்குக் கொலஸ்ட்ரால் கிடைக்கவில்லை என்று கருதி மேலும் தயாரிக்கும். மூளை தனக்கான கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்வதால், உணவுக் கட்டுப்பாடு அங்கே எட்டுவதே இல்லை. உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையின் பர்கின்ஜி நரம்பணுக்கள் இந்த நோயில் முதலில் அழிபவற்றுள் அடங்கும். தள்ளாட்டம் அதனால் வருகிறது.

ஏறத்தாழ 95 சதவீத நோயாளிகளிடம் பழுது இருப்பது, 1997-இல் கண்டறியப்பட்ட என்பிசி1 மரபணுவில். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு நகல் வந்தால் மட்டுமே நோய் உண்டாகும். உறவுக்குள் மணந்தவர்கள் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் உறவே இல்லாத தம்பதியரின் குழந்தைகளுக்கும் இது வருகிறது. உங்களுக்குத் தெரியாமல் நீங்கள் சுமந்த ஒன்றுக்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 4-இல் 1 என்பதால், மகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் மரபியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மகனிடம் எந்தப் பழுது என்று தெரிந்துவிட்டால், மகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையே போதும்.

மிக்லுஸ்டாட் என்ற மாத்திரை ஸ்பிங்கோலிப்பிட்டுகள் சிலவற்றின் தயாரிப்பைக் குறைத்து நோயின் வேகத்தைத் தணிக்கிறது, முழுமையாகக் குணப்படுத்துவதில்லை. அமெரிக்காவில் 2024-இல் அரிமோக்ளோமால், லெவாசெடில்லூசின் ஆகிய மருந்துகளும் ஒப்புதல் பெற்றன. மிக்லுஸ்டாட் தொடங்கினால் வயிற்றுப்போக்கு வரக்கூடும். அப்போது குறைக்க வேண்டியவை சர்க்கரையும் பாலும்தான், நெய் அல்ல.

தண்ணீர் குடிக்கும்போது மகனுக்குப் புரை ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால், அடுத்த முறை வரை காத்திராமல் உடனே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; உணவு நுரையீரலுக்குள் போவதுதான் இந்த நோயில் நான் மிகவும் அஞ்சுவது.