ஸ்டில் போட்டோவில் குறும்படம்: வாசகர் கேள்வி – பதில்

ரப்பர் பால்வெட்டு பற்றி, வீடியோ எடுக்காமல் போட்டோக்களை மட்டும் வைத்து 5 நிமிடப் படம் செய்யப்போகிறோம். எத்தனை போட்டோ வேண்டும்? எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவர்கள், குலசேகரம்

ஒலியில் தொடங்குங்கள். போட்டோ அசையாது, காலம் நகர்வதை உணர்த்துவது காதில் விழுவதுதான். உரையை எழுதி, கடிகாரத்தை வைத்துச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து, எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் அதை முதலில் போடுங்கள். பேச்சு 3 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மீதி தோட்டத்துக்குரியது: பட்டையைச் சீவும் கத்தி, சருகில் நடக்கும் கால், வாளியில் ஊற்றும் பால், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர். ஒவ்வொன்றையும் தனியாக 1 நிமிடமாவது பதிவு செய்யுங்கள்.

5 நிமிடம் என்றால் 300 வினாடி. சராசரி 5 வினாடி என்று வைத்தால் 60 போட்டோ. நல்ல அறுபது தேற, குறைந்தது முந்நூறு எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் எல்லாமே ஐந்தைந்து வினாடி நின்றால் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் சலித்துவிடும். வெட்டுகிறவரின் முகம் 9 வினாடி நிற்கலாம். கத்தி பிடித்த கைக்கு 2 வினாடி போதும்.

சிரட்டையில் (மரத்தில் பால் சேரும் கொட்டாங்குச்சி) பால் சொட்டுவதை இப்படிச் செய்து பாருங்கள். டிரைபாடை நகர்த்தாமல், ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு, பர்ஸ்ட்டில் (விடாமல் தொடர்ச்சியாக) எடுத்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள்: துளி திரண்டு தொங்குவது, விழுவது, சிரட்டைப் பாலில் வட்டம் எழும்புவது. முதலாவது 3 வினாடி, இரண்டாவது 6 ஃப்ரேம் மட்டும் (வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் சுமார் கால் வினாடி), மூன்றாவது 4 வினாடி. 'சொட்' என்ற ஒலி மூன்றாவது போட்டோ தொடங்கும் அதே ஃப்ரேமில் விழ வேண்டும். நான்கு ஃப்ரேம் பிசகினாலும் ஒட்டாது. சரியாக அமைந்தால், துளி விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகவே பார்ப்பவர் நினைப்பார்.

பால்வெட்டு விடியுமுன் நடப்பதால் ஃபிளாஷ் போடத் தோன்றும். போடாதீர்கள், தலைவிளக்கு வெளிச்சத்தின் அழகே போய்விடும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/60 வினாடி என்று தொடங்கிப் பாருங்கள். மழை அடித்த காலையில் வெட்டு நடக்காமல் போகலாம், கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டம் துறைமுகப் போட்டோக்களை மெதுவாக நகர்த்தினால் வலையும் தென்னோலையும் மினுமினுவென்று துடிக்கின்றன. கேமராவில் குறையா?
– மாணவி, நாகர்கோவில்

இல்லை. 6000 × 4000 பிக்சல் போட்டோ 1920 × 1080 வீடியோ சட்டத்துக்குள் சுருங்கும்போது வலைக்கண்ணியின் நூல் ஒரு பிக்சலைவிட மெலிந்துவிடும். போட்டோ நகர நகர அது ஒரு ஃப்ரேமில் தெரியும், அடுத்ததில் மறையும். அதுதான் துடிப்பு. கிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளில் போட்டோவை 3000 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, 0.5 பிக்சல் காஸியன் பிளர் (லேசான மங்கல்) கொடுத்து ஏற்றுங்கள். ஷார்ப்பன் செய்தால் துடிப்பு கூடும். இந்த அளவில் ஒன்றரை மடங்குவரை ஜூம் செய்யலாம்.

நகர்வையும் குறையுங்கள். 5 வினாடியில் 100-லிருந்து 106 சதவீதம் போதும்; தொடக்கமும் முடிவும் இழைந்து வர ஈஸ் (வேகம் மெல்லக் கூடிக் குறையும் அமைப்பு) கொடுங்கள். மூன்று போட்டோவில் ஒன்று நகர்ந்தாலே அதிகம். மீன் ஏலக் கூட்டத்தின் போட்டோவைச் சும்மா நிறுத்தி, ஏலச் சத்தத்தைக் கேட்கவிடுங்கள்.

இன்னொன்று: 6000 × 4000 போட்டோ அகலத்திரையில் முழு அகலம் நிறையும்போது மேலும் கீழுமாக 625 பிக்சல் வெட்டுப்படும். எடுக்கும்போதே தலைக்கு மேல் இடம் விடுங்கள்.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் ஏற்றினால் 80 போட்டோவும் ஒரே கிளிப்பாகிவிடுகின்றன.
– மாணவர், மார்த்தாண்டம்

கோப்புப் பெயர்களில் எண் வரிசையாக இருப்பதால் அது அனிமேஷன் என்று எடுத்துக்கொள்கிறது. மீடியா பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் 'ஃப்ரேம் டிஸ்ப்ளே மோட்' என்பதை 'இண்டிவிஜுவல்' ஆக்குங்கள். எதையும் ஏற்றுவதற்கு முன்பே ஃப்ரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) 25 என்று வைத்துவிடுங்கள், பிறகு மாற்ற விடாது.

ஆச்சியின் பழைய ஆல்பப் போட்டோக்களைச் சேர்க்கலாமா?
– மாணவி, குளச்சல்

தாராளமாக. 4-க்கு 6 அங்குலப் பிரதியை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1800 பிக்சல்தான் வரும். திரை அகலத்துக்கே பற்றாது. 600 டிபிஐ வையுங்கள், 3600 கிடைக்கும். பசைத்தாளில் ஒட்டிய போட்டோவைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு கிழிந்து வந்துவிடும். ஆல்பத்தோடு ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நேர் மேலிருந்து எடுங்கள். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்?
– மாணவர், தக்கலை

நம் குமரி மாவட்டத்தில் இருந்தாலும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையிடம் உள்ளது. கேமராவுக்குத் தனிக் கட்டணம். டிரைபாட் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் கல்லூரிக் கடிதத்தோடு கேளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.