டெண்டரைத் தள்ளிவிட்டார்களா? பத்து நாளை எண்ணத் தொடங்குங்கள்

குமரி மாவட்டத்தில் சாலை, குளம், கட்டடம் என்று சர்க்கார் வேலை எடுக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. இருபத்தைந்து வருடமாக டெண்டர் போடுகிறவன். இரண்டு முறை மேல்முறையீட்டுக்குப் போய் ஒன்றில் தோற்று, ஒன்றில் ஜெயித்தவன்.

தக்கலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, குளத்து மடை சீரமைப்பு வேலைக்கு டெண்டர் போட்டேன். டெக்னிக்கல் பிட்டிலேயே, அதாவது விலையைப் பார்க்கும் முன் தகுதியைப் பார்க்கும் கட்டத்திலேயே, தள்ளிவிட்டார்கள். டெண்டர் இணையதளத்தில் 'தகுதியில்லை' என்று ஒரு வரிதான் இருக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன். போதுமா?

போதாது தம்பி. மனு கொடுத்தது தப்பில்லை, ஆனால் அது மேல்முறையீடு ஆகாது. மாநில அரசுத் துறை, வாரியம், உள்ளாட்சி எதுவானாலும் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 பொருந்தும். அதன் 11-வது பிரிவுப்படி, உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசு என்றால் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உங்கள் வேலைக்குரிய துறையின் செயலாளர். நாகர்கோவிலில் யாரிடம் மனு கொடுத்தாலும் அந்தப் பத்து நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் அந்த ஒற்றை வரி. டெண்டர் யாருக்கு ஏற்கப்பட்டது, மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்பதைக் காரணத்தோடு டெண்டர் விவரங்களை வெளியிடும் டெண்டர் புல்லட்டின் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 10-வது பிரிவு சொல்கிறது. அதனால் இன்றைக்கே செயற்பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் காரணத்தைக் கேளுங்கள். நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மோகிந்தர் சிங் கில் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கு உதவும்: ஒரு உத்தரவு அதில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்துத்தான் நிற்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது. ஆனால் பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வராவிட்டாலும் ஒன்பதாம் நாளுக்குள் மேல்முறையீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எப்படி எழுதுவது என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நான் நாலு பக்கம் எழுதினேன். பாதிக்கு மேல் அதிகாரியைத் திட்டியதுதான், அந்த அப்பீல் தோற்றுப்போனது. இரண்டாவது தடவை ஒன்றரைப் பக்கம். டெண்டர் அறிவிப்பு எண், வேலையின் பெயர், நிராகரித்த தேதி. பிறகு நேராக விஷயம்: 'ஒத்த வேலை செய்த அனுபவம் இல்லை என்கிறார்கள். நான் கொடுத்த ஆவணத்தில் 37-ஆம் பக்கத்தைப் பாருங்கள்.' அந்தச் சான்றிதழில் 'கல்வெர்ட்' என்று இருந்தது, டெண்டரில் 'சிறுபாலம்' என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதை ஆபீசில் யாரும் யோசிக்கவில்லை. அந்த ஒரு பக்க எண்தான் எனக்கு வேலையை வாங்கிக் கொடுத்தது. முடிவு வரும்வரை வேறொருவருக்கு ஒர்க் ஆர்டர் (வேலை உத்தரவு) கொடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லி, அதே கடிதத்தில் தனியாக ஒரு பத்தியும் சேருங்கள்.

குளச்சலிலிருந்து: இஎம்டிக்கான (டெண்டரோடு கட்டும் பிணைத்தொகை) டிடியை செயற்பொறியாளர் பெயருக்கு எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பேங்கில் உதவி செயற்பொறியாளர் என்று அடித்துக் கொடுத்ததை நான் கவனிக்கவில்லை. இதற்காகத் தள்ளலாமா?

தள்ளலாம் என்றுதான் பல ஆபீசில் நினைக்கிறார்கள். 1991-இல் போத்தார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளை இரண்டாகப் பிரித்தது. வேலைக்கான தகுதியைத் தீர்மானிக்கும் முக்கிய நிபந்தனை ஒன்று, அதற்குத் துணையாக வரும் நிபந்தனை இன்னொன்று. அங்கேயும் பிரச்சினை இஎம்டிதான். கேட்ட முறையில் கட்டாமல், வேறொரு பேங்க் சான்றளித்த செக்காகக் கொடுத்திருந்தார்கள். அதை ஏற்றுக்கொண்டது சரியென்றது கோர்ட்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, நம்மாட்கள் பலரும் தவறவிடுவது. அங்கே அதிகாரி தாமாகவே தளர்த்தினார், கோர்ட் அதை ஒப்புக்கொண்டது. 'கட்டாயம் தளர்த்து' என்று யாரையும் சொல்லவில்லை. ஆகவே அதே டெண்டரில் இதுபோன்ற குறையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கும். இல்லையென்றால் சந்தேகம்தான். அடுத்த முறை டிடியை வாங்கியதும் கவுண்டரிலேயே நின்று ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

அருமனையிலிருந்து: முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் எல்லா ஆவணத்தையும் வாங்கிவிட்டு அப்பீல் போகலாமா?

தகவல் தர அவர்களுக்கு 30 நாள், அப்பீல் போட உங்களுக்கு 10 நாள். கணக்கு நீங்களே போடுங்கள். மனுவைப் போடுங்கள், அப்பீலை அதற்காக நிறுத்தாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ரயில்வே வேலைக்கும் சென்னைக்குத்தான் அப்பீலா?

இல்லை. 1998 சட்டம் மாநில அரசின் கொள்முதலுக்குத்தான். ரயில்வே, மணவாளக்குறிச்சி மணல் ஆலை போன்ற மத்திய அரசு நிறுவனம் என்றால் அவர்களுடைய டெண்டர் ஆவணத்தில் உள்ள புகார் நடைமுறையைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊர் ரயில்வே திருவனந்தபுரம் கோட்டத்தில் வருவதால் உத்தரவு அங்கிருந்துதான் வரும். வழக்கு என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையா, எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றமா என்ற கேள்வி வரும். வேலை நடக்கும் இடம் நம் மாவட்டம் என்று வாதாட இடமுண்டு. இதை மட்டும் வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டால் ஸ்டே (இடைக்காலத் தடை) கிடைக்குமா? எல்1, அதாவது குறைந்த விலை கேட்டவன், நான்தான்.

எல்1 என்பதாலேயே வேலை உங்களுடையது ஆகிவிடாது, அதை முதலில் மனதில் வையுங்கள். கோர்ட் உங்கள் ரேட்டையும் அடுத்தவர் ரேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்காது. முடிவெடுத்த விதத்தில் பாரபட்சமோ தான்தோன்றித்தனமோ இருந்ததா என்று மட்டும் பார்க்கும். 1994-ஆம் ஆண்டு டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை. 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கிவிட்டது: உள்கட்டமைப்பு வேலைகளை நிறுத்தி வைக்கக் கோர்ட் தயங்க வேண்டும், தவறு இருந்தால் இழப்பீடு தரலாம் என்று. அதனால் ஜேசிபி இறங்கும் முன்னாடியே போக வேண்டும். 11-வது பிரிவு அப்பீல் போட்டாயா என்பதுதான் அங்கே முதலில் வரும் கேள்வி. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் மழை பிடிப்பதற்குள் குளத்து வேலையை முடிக்க வேண்டும் என்று சர்க்கார் வக்கீல் சொன்னால் நீதிபதி கேட்கத்தான் செய்வார்.

குலசேகரத்திலிருந்து: அப்பீல் போனால் என்னை பிளாக்லிஸ்ட் பண்ணிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

அப்பீல் போனதற்காக பிளாக்லிஸ்ட் பண்ண முடியாது. வேறு காரணம் காட்டினாலும், பிளாக்லிஸ்ட் செய்யப்போவதாகத் தெளிவாகச் சொல்லும் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் செய்யக் கூடாது என்று 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. பில் பாஸாகத் தாமதமாகுமா என்று கேட்டால், மழுப்ப மாட்டேன், ஆகலாம். எனக்கு ஒரு பில் ஏழு மாதம் கிடந்தது. அந்த ஆபீசிலேயே அடுத்த வருடமும் டெண்டர் போட்டேன், வேலையும் கிடைத்தது.