சென்னையை நடந்தே பார்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் என்பதாலோ என்னவோ, சென்னையைச் சுற்றிப் பார்ப்பது பற்றிய கடிதங்கள் இம்முறை அதிகமாக வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகளுக்குச் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளைச் சேர்த்துவிட்டு மூன்று நாட்கள் தங்கப்போகிறோம். வாடகைக் கார் இல்லாமல், ரயிலிலும் பேருந்திலும் நடந்துமே ஊரைப் பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– தென்காசியிலிருந்து ஒரு வாசகி

தாராளமாக முடியும். காரில் போகிறவர்கள் கோட்டை, கடற்கரை, கோயில் என்று தனித்தனியே இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்கிறார்கள். இவற்றுக்கு நடுவே இருக்கும் ஊரை அவர்கள் பார்ப்பதே இல்லை. பல ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும் முறை எளிமையானது. தூரத்தை ரயிலிடம் விட்டுவிடுவேன்; ஒரு நாளைக்கு ஒரு பேட்டையை மட்டும் நடப்பதற்கு எடுத்துக்கொள்வேன். ஒரு நிலையத்தில் இறங்கி, அந்தப் பேட்டையைக் குறுக்கே நடந்து கடந்து, வேறொரு நிலையத்தில் ஏறுவேன். வந்த வழியே திரும்ப வேண்டிய தேவை இல்லாததால் கால் பாதியாகத்தான் வலிக்கும்.

ரயில்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்தான் நகரத்தின் முதுகெலும்பு. அதில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டாம் வகுப்புக் கட்டணம் பத்து ரூபாய். அதே கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பும் பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரை தொடங்கப்பட்டு, 2007இல் வேளச்சேரியை எட்டியது. மெட்ரோ 2015இல் வந்தது. பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல். அதன் அடியில் மெட்ரோ. எழும்பூரிலும் மின்சார ரயிலும் மெட்ரோவும் அருகருகே இருக்கின்றன. இந்த இணைப்புகளை மனத்தில் வைத்துக்கொண்டால், வரைபடம் இல்லாமலே பாதி ஊரைச் சுற்றிவிடலாம்.

முதல் நாளை ஜார்ஜ் டவுனுக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் காலியாக இருக்கும் என்று பலர் அன்றைக்குப் போகச் சொல்வார்கள். அது கட்டடங்களைப் படம் எடுப்பவர்களுக்கு ஏற்ற யோசனை. ஜார்ஜ் டவுன் என்பது வியாபாரம், ஆகவே வேலை நாளில் போவதுதான் முறை. காலை ஒன்பது மணிக்குக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, ராஜாஜி சாலையில் தெற்கு நோக்கி நடந்தால், 1884இல் திறக்கப்பட்ட தலைமை அஞ்சலகத்தின் சிவப்புச் செங்கல் கட்டடத்தைக் கடந்து பாரிமுனைக்கு வந்துவிடுவீர்கள். 1788இல் சென்னையில் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர்தான் அந்த முனைக்கு நிலைத்துவிட்டது. அங்கே டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் ஒரு பழைய கல்தூண் இருக்கிறது. அவசரமாகப் போகிறவர்களின் கண்ணில் படாத அந்தக் கல்லின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஏனென்றால் நீங்கள் அன்று நடக்கப்போகும் நிலத்தின் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. மதிலை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவான் என்பது அந்தப் போரில் கிடைத்த பாடமாக இருந்ததால், பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று அந்த நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்த சென்னகேசவர் கோயிலும் போனது. அதற்குப் பதிலாகக் கட்டப்பட்டதுதான் பூக்கடைப் பகுதியில் தேவராஜ முதலி தெருவில் இருக்கும் பட்டணம் கோயில். மக்கள் வடக்கே நகர்ந்து புதிய நகரத்தைக் கட்டிக்கொண்டார்கள்; அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். இனி கோட்டைப் பக்கம் இந்த எல்லையைத் தாண்டி எவரும் கட்டக் கூடாது என்று 1773இல் நடப்பட்ட ஆறு தூண்களில் எஞ்சியது அந்த ஒன்றுதான். கோட்டைக்கும் பாரிமுனைக்கும் நடுவே இருக்கும் அகலத்தைக் காரில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். வெயிலில் நடந்து கடக்கும்போதுதான், ஒரு பீரங்கிக் குண்டு போகும் தூரத்துக்காக எத்தனை பேரின் வீடு இடிக்கப்பட்டிருக்கும் என்பது உறைக்கிறது.

பாரிமுனையிலிருந்து அரண்மனைக்காரன் தெருவுக்குத் திரும்புங்கள். ஆர்மேனியன் தெரு என்பதைத்தான் நம் மக்கள் அப்படி மாற்றிச் சொன்னார்கள். 1772இல் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயத்துக்குள் போனால் தெருவின் இரைச்சல் சட்டென்று விலகிவிடும். மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. அதில் ஆறு மணிகள். முற்றத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் ஆர்மேனிய எழுத்துகள் செதுக்கிய கல்லறைப் பலகைகள். உலகிலேயே முதன்முதலாக ஆர்மேனிய மொழியில் வெளிவந்த பத்திரிகை, ‘அஸ்தரார்’, 1794இல் இந்தச் சென்னையில் அச்சிடப்பட்டது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த முற்றத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தன் நாட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, சுற்றிலும் தமிழும் தெலுங்கும் ஒலித்த ஒரு தெருவில் உட்கார்ந்து, தன் மொழிக்கு முதல் பத்திரிகையைக் கொண்டுவந்த அந்த மனிதரை நினைக்காமல் என்னால் அங்கிருந்து கிளம்ப முடிந்ததில்லை. அதே தெருவில் உள்ள அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் வந்து குவிவார்கள். கூட்டம் ஒத்துவராது என்றால் வேறு நாளில் போங்கள்.

அதன் பிறகு தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். அங்கிருந்து மேற்கே நடக்கும்போது தெருவுக்குத் தெரு சரக்கு மாறுவதைக் கவனியுங்கள். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் ஒரு கடைப்பையன் முழுக் காகிதக் கட்டு ஒன்றைத் தூக்கி, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் சர்ரென்று சீவிவிட்டு, எண்ணாமலே “இதில் பத்துத் தாள் குறைகிறது” என்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன். முதலாளி எண்ணிப் பார்த்தார், குறைந்துதான் இருந்தது. அப்படியே மேற்கு எல்லைக்கு வந்தால் வால்டாக்ஸ் சாலை. 1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் விளிம்புவரை வந்து போனதும், பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனி புதிய நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பி, அந்தச் செலவை மக்களிடம் வரியாக வாங்க நினைத்தது. வரி வசூலாகவில்லை. சாலையின் பெயரில் மட்டும் மதிலும் வரியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சாலையை ஒட்டியே சென்ட்ரல் இருக்கிறது. ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டாம் நாள் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியில் இறங்கி, பார்த்தசாரதி கோயிலையும் பாரதியார் வாழ்ந்த இல்லத்தையும் பார்த்துக்கொண்டு கடற்கரைக்கு நடக்கலாம். மூன்றாம் நாள் மயிலாப்பூர். அதைப் பற்றிக் கீழே வேறொரு கடிதத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

மாநகரப் பேருந்தில் ஏறப் பயமாக இருக்கிறது. எண்களும் எழுத்துகளும் குழப்புகின்றன. தனியாக வரும் பெண் எப்படிச் சமாளிப்பது?
– தருமபுரி வாசகி

எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது முதல் விதி. 29 வேறு, 29சி வேறு. பெயர்ப் பலகையில் எண்ணோடு ‘கட்’ என்று இருந்தால், அந்தப் பேருந்து தன் தடத்தின் ஒரு பகுதி வரைதான் போகும். ஆகவே ஏறுவதற்கு முன் நீங்கள் இறங்கும் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைகளால் பல சாலைகளில் பேருந்துகள் சுற்றிப் போகின்றன என்பதால், இதைக் கேட்பதில் உள்ளூர்க்காரர்களும் கூச்சப்படுவதில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருந்தாலும் நடத்துநரிடம் அதற்கான சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே பேருந்தில் ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் 29சிதான் என் தேர்வு. பெரம்பூரில் ஏறினால் புரசைவாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு என்று வட சென்னையிலிருந்து தென் சென்னை வரை ஊர் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டிவிட்டு, பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். முற்பகலில் ஜன்னலோரம் இடம் கிடைக்கும்.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நெரிசலான பேருந்தில் நடத்துநர் பின்னால் தன் இருக்கையில் இருப்பார். முன்னால் நிற்கிறவர் பத்து ரூபாய்த் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, இறங்கும் இடத்தைச் சொல்வார். அந்தத் தாள் ஐந்தாறு கைகள் மாறிப் பின்னால் போகும். அதே கைகளின் வழியாகச் சீட்டும் சில்லறையும் திரும்பி வரும். இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒருமுறைகூட ஐந்து ரூபாய் குறைந்து வந்ததில்லை. கவனமாக இருக்க வேண்டியது அவசியம்தான், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பிப் போகலாமா?
– ஈரோடு வாசகர்

திசைக்கு நம்பலாம், கதவு எண்ணுக்கு நம்ப வேண்டாம். சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. முகவரியில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தெரு முனையில் இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள்.

எனக்கு வயது 68. மூட்டு வலி உண்டு. நடைப் பயணம் எல்லாம் இளைஞர்களுக்கு மட்டும்தானா?
– கும்பகோணம் வாசகர்

ஐயா, உங்களுக்காகவே மயிலாப்பூர் இருக்கிறது. பறக்கும் ரயிலின் திருமயிலை நிலையம் உயரத்தில் இருப்பதால் அதைத் தவிர்த்து, பேருந்திலோ ஆட்டோவிலோ குளத்தருகே இறங்கிவிடுங்கள். மாலை நாலரை மணிக்குமேல், கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளை மெதுவாகச் சுற்றி வந்தால் போதும். தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள்; மார்கழிக்கு முன் அவரைக்காயும் நெல்லிக்காயும் குவிந்திருக்கும். கொஞ்ச தூரத்தில், ‘காட்டுக் கோயில்’ என்று முன்னோர் அழைத்த லஸ் தேவாலயம் இருக்கிறது. 1516 என்ற ஆண்டைத் தாங்கிய கல்வெட்டு அங்கே உண்டு. லஸ் என்றால் போர்த்துகீசிய மொழியில் ஒளி. கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு இந்தப் பக்கம் ஓர் ஒளி தெரிந்து கரைசேர வழி காட்டியதாகச் சொல்வார்கள். அந்த ஒளியின் பெயரைத்தான் இன்று ‘லஸ் கார்னர்’ என்று பேருந்தில் கூவுகிறோம்.

படிக்கட்டு ஏறுவது சிரமம் என்றால் மெட்ரோ உங்களுக்கு ஏற்றது. நிலையங்களில் மின்தூக்கி உண்டு. எல்ஐசி நிலையத்தில் வெளியே வந்தால், 1959இல் எழுந்த பதினான்கு மாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நிலையமான அரசினர் தோட்டம் வரை அண்ணா சாலையில் நிதானமாக நடக்கலாம்.

இவ்வளவு சொல்கிறீர்களே, சென்னையில் நடக்க நடைபாதை எங்கே இருக்கிறது?
– சென்னை, கொளத்தூர் வாசகர்

உங்கள் கோபம் நியாயமானது. சென்ற ஆண்டு ஒரு பெரிய சாலையில், மேலே ஒழுங்காகத் தெரிந்த ஒரு கல் என் காலடியில் புரண்டு, மூன்று வாரம் நான் வீட்டிலேயே கிடந்தேன். அந்த மூன்று வாரமும் நினைத்துக்கொண்டிருந்தது, இதே கல்லில் கர்ப்பிணி ஒருவர் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான்.

சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று தனிக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை அவர்களுக்கான வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. போய்ப் பாருங்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும், கைவிட்டு ஓடும் குழந்தைகளையும் அங்கே பார்க்கலாம். அதை ஒரு கடைவீதிக்கு மட்டும் உரிய அழகாக விட்டுவிட்டு, மின்சார ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள அரை கிலோமீட்டரை மறந்துவிட்டோம் என்பதே என் வருத்தம். ரயிலில் வருகிறவர்கள் எல்லோரும் இறங்கியதும் நடக்கத்தான் வேண்டும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இறங்கி நடப்பவர்களுக்குப் பாண்டி பஜாரின் நடைபாதை தேவைப்படாதா?

உங்கள் தெருவில் உடைந்த கல்லோ, நடைபாதையில் நிறுத்திய வண்டியோ இருந்தால், மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் எதுவும் நடக்காவிட்டால், அந்த எண்ணையும் ஒரு புகைப்படத்தையும் இணைத்து உங்கள் வார்டு உறுப்பினருக்கு எழுதுங்கள். என் தெருவில் மூடியில்லாமல் இருந்த வடிகாலுக்கு இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு மூடி வந்தது.