பி மெமோவைக் கிழித்துப் போடாதீர்கள்

நிலமும் நாமும்: வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர், பெரம்பூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர்

கேள்வி: செங்குன்றம் பக்கம் அரசுப் புறம்போக்கில் 27 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். கிராம நிர்வாக அலுவலர் ‘பி மெமோ’ கொடுத்து அபராதம் வசூலிக்கிறார். “இதை வைத்திருந்தால் ஆக்கிரமிப்பாளன் என்று நீயே ஒப்புக்கொண்டதாகிவிடும், கிழித்துப் போடு” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது? (வாசகர், செங்குன்றம்)

பதில்: கிழித்துவிடாதீர்கள் ஐயா. வீட்டில் இருக்கும் நகையைவிடப் பத்திரமாக அதை வையுங்கள்.

பி மெமோ என்பது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி விதிக்கப்படும் தண்டத்தீர்வை. அரசு நிலத்தில் அனுமதியின்றி இருக்கிறீர்கள் என்று அது சொல்வது உண்மைதான். ஆனால் அதில் உங்கள் பெயர் இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, எவ்வளவு இடம் என்று இருக்கிறது, எந்தப் பசலி (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) என்று இருக்கிறது. இந்த ஆண்டில் இந்த இடத்தில் இந்த மனிதர் இருந்தார் என்று அரசே தன் கையால் எழுதிக் கொடுத்த சாட்சி அது.

1995இல் ஒரு ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஆண்டு முகாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி மஞ்சள் பையோடு வந்திருந்தார். பைக்குள் ஒரு பால்பவுடர் டப்பா. டப்பாவுக்குள் சுருட்டிய காகிதங்கள், வாழைநாரால் கட்டியிருந்தார். அடுப்புக்கு மேலே பரணில் இருந்தவை போலும். பிரித்தபோது மேசை முழுக்கப் புகை வாசனை. ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலை. ஒவ்வொன்றாக விரித்து அடுக்கினேன். பசலி 1388இலிருந்து 1403 வரை (1978 முதல் 1994 வரை), ஓர் ஆண்டுகூட விடாமல் 16 பி மெமோக்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “சர்க்கார் முத்திரை இருக்குதேன்னு எறியலைம்மா” என்றார். வீட்டுமனை ஒப்படை கேட்ட அவருடைய மனுவில் வேறு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பதினாறு தாள்கள்தான் அவருக்கு 3 சென்ட் வாங்கிக் கொடுத்தன. அதே வரிசையில் அவரைவிட நீண்ட காலம் குடியிருந்த ஒருவர், அபராதச் சீட்டு அவமானம் என்று ஒவ்வோர் ஆண்டும் கிழித்துப் போட்டவர், வெறுங்கையோடு நின்றார். அவரிடம் அந்தச் சீட்டின் மதிப்பை ஒருவரும் சொல்லவில்லை. சீட்டை எழுதிக் கொடுத்த எங்கள் துறையும் சொல்லவில்லை. அது எங்கள் குற்றம். இந்தப் பகுதியை நான் எழுதிக்கொண்டிருப்பதற்கு அவருடைய முகமும் ஒரு காரணம்.

பி மெமோ பட்டா ஆகாது. அதைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது. ஆனால் இப்படிக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்கும் வரன்முறைப்படுத்தும் திட்டம் வரும்போது, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இடத்தில் தென்னையோ புளியோ வளர்த்துப் பலன் எடுக்கிறீர்கள் என்றால் ‘2சி’ மரப் பட்டா இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் துணை ஆதாரம்.

கேள்வி: 12 ஆண்டுகள் குடியிருந்தால் நிலம் நமக்கே சொந்தம் என்கிறார்களே? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: அது தனியார் நிலத்துக்கு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்துக்கு 12 ஆண்டுகள், அரசு நிலத்துக்கு 30 ஆண்டுகள். காலம் மட்டும் போதாது. நிலத்துக்காரர் அறிய, வெளிப்படையாக, அவர் உரிமையை மறுத்து அனுபவித்திருக்க வேண்டும். வாடகைக்கோ அனுமதியின் பேரிலோ இருந்தவருக்கு இந்த வழி இல்லை. அரசிடம் “எனக்குப் பட்டா கொடுங்கள்” என்று மனு போட்டுக்கொண்டே, நீதிமன்றத்தில் “இது அரசு நிலமே இல்லை, என்னுடையது” என்று சொல்வதும் எடுபடாது. ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் மனு வழிதான் பலன் தருகிறது. வழக்குச் செலவுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் இருந்துகொண்டு வீட்டு வேலைக்குப் போகிறேன். அம்மா நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தாத்தா காலத்தில் மிராசுதார் வயலின் ஓரத்தில் போட்ட குடிசை. இப்போது வயலை வாங்கியவர், “இது என் பட்டா நிலம், காலி செய்” என்கிறார். அம்மாவுக்கு ஏதாவது உரிமை உண்டா? (வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: உண்டு அம்மா. வலுவான உரிமை உண்டு.

1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டம் உங்கள் தாத்தாவைப் போன்றவர்களுக்காகவே வந்தது. நிலத்துக்காரரின் இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு, அந்த மனையை அது சொந்தமாகவே ஆக்கியது. அதற்கு முன் 1961இல் வந்த சட்டம், வெளியேற்றக் கூடாது என்று மட்டும் சொன்னது. 1971 சட்டம் ஒரு படி மேலே போனது.

அந்தச் சட்டம் வரும்வரை உங்கள் நாகப்பட்டினம் அடங்கிய கீழத்தஞ்சையில் வீடும் வேலையும் ஒரே ஆள் கையில் இருந்தன. கூலி அரை மரக்கால் கூடக் கேட்டால், “என் மண்ணிலிருந்து குடிசையைப் பிரித்துக்கொண்டு போ” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டவர் வாய் மூடிவிடும். கூலிப் போராட்டம் சூடாக இருந்த 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பகுதியில் சில மாதங்கள் இருந்தேன். காலடியில் இருக்கும் மண் தன் பெயரில் இல்லாதவர் எப்படிப் பேசுவார், எவ்வளவு குனிந்து நிற்பார் என்று அங்கேதான் பார்த்தேன். பட்டா கிடைத்த வீட்டில் இருந்தவர் அப்படி நிற்கவில்லை. கிணற்றடியில் நின்று சண்டைகூடப் போட்டார். எனக்கு அது நிறைவாக இருந்தது.

இனி உங்கள் வேலை. 1971க்குப் பிறகு தாத்தா பெயரில் குடியிருப்புப் பட்டா கொடுக்கப்பட்டிருக்கலாம். கொடுத்தும் கைக்கு வராமல் போயிருக்கலாம். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட ஆணைகளின் நகல் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணை இருந்தால், தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து அம்மா பெயருக்கு மாற்றக் கேளுங்கள். அம்மா பெயருக்கே கேளுங்கள், உங்கள் அண்ணன் தம்பி பெயருக்கு வேண்டாம். காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்றவர்களுக்காக 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலத்துக்காரர்களிடம் பேசி விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று கொடுத்தபோது பெண்களின் பெயரில்தான் எழுதியது. பெண் பெயரில் இருக்கும் நிலம் சாராயக் கடைக்கோ வட்டிக்கடைக்கோ எளிதில் போவதில்லை என்று அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

பதில் வரும்வரை அம்மா குடிசையைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்து தங்கக் கூடாது. பொங்கலுக்குக்கூட நீங்கள்தான் அங்கே போக வேண்டும்.

கேள்வி: வங்கிக் கடன் வாங்கி, 20 ஆண்டுகள் தவணை கட்டி வீடு வாங்கினேன். சென்னையைச் சுற்றிப் புறம்போக்கில் குடிசை போட்டவர்களுக்குப் பட்டா கொடுப்பது, சட்டத்தை மதித்தவனை முட்டாளாக்குவது ஆகாதா? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: உங்கள் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை ஐயா. 20 ஆண்டுத் தவணை என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட ஊரை வைத்தே ஒன்று சொல்கிறேன்.

அண்ணா நகர் இருக்கும் இடம் நடுவக்கரை முதலான கிராமங்களாக இருந்தது. வீட்டு வசதி வாரியம் நிலத்தைக் கையகப்படுத்தி மனை போட்டது. 1894ஆம் ஆண்டின் பழைய கையகப்படுத்தல் சட்டத்தில், இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான். வயலில் நாற்று நட்டவருக்கு, களை பறித்தவருக்கு, ஏற்றம் இறைத்தவருக்கு ஒரு பைசா கிடையாது. சென்னை விரிந்த ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடந்தது. வயல் போனால் அவர்களுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. நிலமற்ற தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக மத்தியச் சட்டம் கணக்கில் எடுத்தது 2013இல்தான். அதற்கு முன் துரத்தப்பட்டவர்கள் எங்கே போயிருப்பார்கள்? ஓடைக் கரைக்கும் புறம்போக்குக்கும்தான். அங்கிருந்து வந்துதான் நம் வீடுகளைக் கட்டினார்கள்.

2025 பிப்ரவரியில் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா என்று அமைச்சரவை முடிவெடுத்தது ஆட்சேபனையற்ற புறம்போக்கில், அதாவது நீர்நிலை போன்றவை அல்லாத அரசு நிலத்தில் இருப்பவர்களுக்கு. சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டர் ‘பெல்ட் ஏரியா’வில் 1962 முதல் பட்டா வழங்கத் தடை இருந்தது. அதனால் மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தும் பட்டா கேட்க முடியாத குடும்பங்கள் உண்டு. உச்ச நீதிமன்றமும் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொது நிலங்களை மீட்கக் கடுமையாக உத்தரவிட்டபோது, அரசாணைப்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்ட இடங்களை விதிவிலக்காக வைத்தது. தலை சாய்க்க 1 சென்ட் பிடித்தவரையும், வேலி போட்டு ஏக்கர் கணக்கில் வளைத்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

‘புறம்போக்கு’ என்பது தீர்வை விதிக்கப்படாமல், பொதுவுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கான கணக்குச் சொல். இந்த நகரத்தில் அதை மனிதரைத் திட்டும் வார்த்தையாக்கிவிட்டோம். என் பேரன் பள்ளியிலிருந்து அதைக் கற்றுக்கொண்டு வந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேள்வி: ஏரிக்கரையில் இருக்கிறோம். மின் இணைப்பு, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் இந்த முகவரியில்தான். பட்டா கிடைக்குமா? (வாசகி, தாம்பரம் அருகில்)

பதில்: கிடைக்காது. நம்பிக்கை ஊட்டி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. நீர்நிலைப் புறம்போக்கை வரன்முறைப்படுத்த இடமில்லை, ஏரிகளைக் காக்க 2007இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. பட்டா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் இரண்டு விஷயங்கள் உங்கள் கையில் உண்டு. உங்கள் இடம் உண்மையிலேயே ஏரி எல்லைக்குள் வருகிறதா என்று நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டிலும் எல்லையைக் காட்டும் புலப்படத்திலும் பாருங்கள். ஊர்க் குடியிருப்புக்கான கிராம நத்தமாக இருந்தால் கதையே வேறு. ஏரி என்றே இருந்தாலும், விளக்கம் கேட்கும் அறிவிப்பு தராமல் வெளியேற்றக் கூடாது. அறிவிப்பு வந்தால் சுவரில் ஒட்டியிருக்கிறதே என்று விடாமல், மாற்று வீடு கேட்டும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேட்டும் எழுத்தில் பதில் கொடுங்கள். நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போனவர்களில் பலர், பழைய வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. அதனால் எங்கே வீடு என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் கொடுத்த ‘டி.சி. நிலம்’ செங்கல்பட்டு பக்கம் இருந்ததாகப் பாட்டி சொல்வார். இப்போது அங்கே மனைப்பிரிவு. மீட்க முடியுமா? (வாசகர், பல்லாவரம்)

பதில்: அது பஞ்சமி நிலம். ‘டி.சி.’ என்றால் ‘டிப்ரஸ்டு கிளாஸ்’, ஒடுக்கப்பட்ட வகுப்பினர். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அதை மீறிய விற்பனை எத்தனை கை மாறியிருந்தாலும் கேள்வி கேட்கலாம்.

முதலில் சர்வே எண்ணைத் தேடுங்கள். நிலப் பதிவுகளைப் புதுப்பித்த 1980களின் யு.டி.ஆர் பதிவில் பல இடங்களில் ‘டி.சி.’ குறிப்பு காணாமல் போயிருக்கிறது. அதற்கு முந்தைய பதிவேட்டை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் கேட்டதும் இந்தப் பதிவேட்டில் எழுதியிருந்ததைத்தான்.

கேள்வி: வேறு நாடுகளில் நிலமற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? (கல்லூரி மாணவி, சேப்பாக்கம்)

பதில்: பிரேசிலைப் படியுங்கள். 1984இல் தொடங்கிய நிலமற்ற தொழிலாளர் இயக்கமான எம்.எஸ்.டி., தரிசாகக் கிடக்கும் பெரும் பண்ணைகளில் கறுப்புத் தார்ப்பாய்க் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிடும். நிலம் சமூகக் கடமை ஆற்ற வேண்டும் என்று அந்நாட்டின் 1988 அரசியல் சட்டம் சொல்கிறது, அதைக் காட்டியே கேட்கிறார்கள். 1996 ஏப்ரல் 17 அன்று எல்டொராடோ தோஸ் கராஜாஸில் போலீஸ் சுட்டு 19 பேர் இறந்தார்கள். இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் நம் உச்சவரம்புச் சட்டத்தில் 1970இலேயே 30 தர ஏக்கரை (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15ஆகக் குறைத்தோம். அதில் எவ்வளவு நிலம் உண்மையில் கைமாறியது என்பதை உங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிலச் சீர்திருத்த ஆணையர் அலுவலகம் உள்ள எழிலகம் உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

கேள்வி: தீ விபத்தில் குடிசையோடு பி மெமோக்களும் எரிந்துவிட்டன. இனி என்ன வழி? (பெயரும் முகவரியும் இல்லாத இன்லேண்ட் கடிதம்)

பதில்: வழி இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்தது ஒரு பிரதிதான். விதித்த தண்டத்தீர்வை கிராமக் கணக்கிலும் ஜமாபந்தியிலும் பதிவாகியிருக்கும். எந்தெந்தப் பசலி என்று நினைவிருக்கும்வரை எழுதி, அந்தப் பதிவின் சான்றிட்ட நகல் கேளுங்கள். தீயணைப்புத் துறையின் சான்றையும் இணையுங்கள். நகல் வந்ததும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். மனுவை எழுதுவதற்குக் கை கொடுக்கிறேன். அடுத்த கடிதத்தில் உங்கள் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் வேண்டும்.