சுவர் ஒரு பக்கம், முகாம் ஒரு பக்கமா?

கேள்வி: ஜூன் மாதம் மனைவி, எட்டு வயது மகனுடன் பெர்லினில் இரண்டு நாள் தங்குகிறோம். முதல் நாளே காலையில் நாஜி வதைமுகாம், மாலையில் பெர்லின் சுவர் ஓவியங்கள் என்று இரண்டையும் முடித்துவிட்டு, மறுநாளைக் கடைத்தெருவுக்கு ஒதுக்கலாமா? சுவர் முன் குடும்பப் படம் எடுக்க நல்ல நேரம் எது? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: ஒதுக்காதீர்கள். முதல் நாள் முழுக்கச் சுவர், இரண்டாம் நாள் முகாம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படத்தைக் கேட்டதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் சைடு கேலரி என்கிற அந்த 1,316 மீட்டர் சுவரின் ஓவியப் பக்கம் வடகிழக்கைப் பார்த்தது. காலை வெயில் நேரே விழும். பிற்பகலில் நிழல் வந்துவிடும், வண்ணங்கள் மங்கித் தெரியும். எனவே மாலைத் திட்டம் படத்துக்கே ஆகாது. காலை ஏழரைக்குள் வார்ஷவர் ஸ்ட்ராஸ நிலையத்தில் இறங்கி, ஓஸ்ட்பான்ஹோஃப் நிலையம் நோக்கி நடங்கள். நேரம் போகப் போக, சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனேக்கரும் முத்தமிடும் ஓவியத்தின் முன்னால் கூட்டம் கூடிவிடும்.

இவை சுவர் நின்ற காலத்து எதிர்ப்பு ஓவியங்கள் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படியில்லை. 1989 நவம்பர் 9 இரவு எல்லை திறந்த பிறகு, 1990இல் 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள் வரைந்தவை. வெயிலும் மழையும் அரித்ததால் 2009இல் மீண்டும் வரையப்பட்டவைதான் இன்று கண்ணில் படுபவை. அதற்கு முன் இது கிழக்கு பெர்லினைப் பார்த்த பக்கம். தூரிகையோடு யாரும் நெருங்கியிருக்க முடியாது. சுவர்க்காலத்துக் கிராஃபிட்டி எல்லாம் மேற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கேயும் சுவரை ஒட்டிய சில மீட்டர் நிலம் கிழக்கு ஜெர்மனிக்குச் சொந்தம். காவலர்கள் வந்து பிடித்துவிடலாம். 1984 முதல் அங்கே வரைந்த பிரெஞ்சு ஓவியர் தியெரி நுவார், பெரிய தலை, தடித்த உதடு, இரண்டு மூன்று நிறம் என்று சுருக்கிக்கொண்டதற்கு அந்த அவசரமே காரணம். அவருடைய தலைகள் இந்தக் கேலரியிலும் உண்டு. மகனிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள், நிச்சயம் பிடிக்கும்.

அடுத்து சுவரின் பின்பக்கம் போங்கள். புல்வெளி, அதைத் தாண்டி ஸ்ப்ரே ஆறு. ஓபர்பௌம் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய் நின்று பாருங்கள். அது மேற்கு பெர்லின். ஆனால் ஆற்றின் முழு அகலமும் கிழக்குக்குச் சொந்தமாக இருந்தது. 1966க்கும் 1975க்கும் இடையில் இந்தக் கரையில் விளையாடித் தவறி விழுந்த ஐந்து சிறுவர்கள் மூழ்கி இறந்தார்கள். மேற்குக்காரர்கள் நீரில் இறங்கினால் எல்லை மீறல், சுடப்படலாம். ஐந்தாவது சிறுவன் இறந்த 1975 மே மாதத்து நாள் அவனுடைய ஐந்தாவது பிறந்தநாள். அந்த அக்டோபர் இறுதியில்தான் மீட்பு பற்றி இரு தரப்பும் ஒப்பந்தம் செய்தன. ஓவியம் ஒரு பட்டியல், துயரம் இன்னொரு பட்டியல் என்று நீங்கள் பிரித்ததை நான் ஏற்காததற்கு இந்தக் கரையே காரணம்.

மதியம் ஹாக்கெஷர் மார்க்ட் நிலையத்துக்கு ரயில் ஏறுங்கள். அருகில் ரோசன்தாலர் ஸ்ட்ராஸ 39ஆம் எண் முற்றம். தரையிலிருந்து கூரை வரை ஒட்டுப்படமும் ஸ்ப்ரே ஓவியமும். பெரும்பாலோர் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அதே முற்றத்தில் ஓட்டோ வைட்டின் தூரிகைப் பட்டறை அருங்காட்சியகமாக இருக்கிறது, கட்டணம் இல்லை. போர்க்காலத்தில் பார்வையற்ற, காது கேளாத யூதர்களை வேலைக்கு வைத்துக் காப்பாற்ற முயன்றவர் அவர். அலமாரிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஒரு குடும்பத்தையே ஒளித்துவைத்தார். அந்த அறை அப்படியே இருக்கிறது. சின்ன இடம், அரை மணி போதும்.

நேரம் மிஞ்சினால் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்கி பெர்னவர் ஸ்ட்ராஸவுக்குப் போங்கள். பெர்லின் சுவர் உண்மையில் இரண்டு சுவர்கள். இரண்டுக்கும் இடையில் காவலர்கள் கண்காணித்த வெற்று நிலமான 'மரணப் பட்டை'யை மேலிருந்து பார்க்கும் கோபுரம் அங்கே, சுவர் பற்றிய ஆவண மையத்தில் இருக்கிறது. ஓவியம் இல்லாத சுவர் எப்படி இருந்தது என்று அங்கேதான் புரியும். திங்கட்கிழமை ஆவண மையம் மூடியிருக்கும். வெளிப்புறத்தைப் பார்க்கத் தடையில்லை.

இரண்டாம் நாள், பெர்லினுக்கு வெளியே ஓரானியன்பர்க் ஊரில் உள்ள சாக்சன்ஹவுசன் வதைமுகாம். எஸ்1 ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பெர்லின் நகருக்குள் மட்டும் செல்லும் ஏபி மண்டல டிக்கெட் அந்த ஊர்வரை செல்லாது, புறநகரையும் சேர்த்த ஏபிசி வேண்டும். தாள் டிக்கெட்டை நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்தாமல் ஏறினாலும், மண்டலம் தாண்டினாலும் 60 யூரோ அபராதம். நிலையத்திலிருந்து முகாம் இருபது நிமிட நடை. பஸ் அடிக்கடி கிடையாது. அனுமதி இலவசம், ஒலி வழிகாட்டிக்குச் சிறு கட்டணம். மூன்று மணி நேரமாவது வேண்டும். வாயிற்கதவின் முன் படம் எடுத்து, முதல் அருங்காட்சியகத்தில் நேரத்தைத் தொலைத்துவிட்டு, கொலைக்களமும் பிண எரிப்பு உலைகளும் இருந்த 'ஸ்டேஷன் இசட்' பகுதிக்குச் சோர்ந்துபோய் வந்து சேர்கிறவர்கள் நிறைய. அங்கே முதலில் போங்கள். பிறகு 38ஆம் குடிலில் கருகிய பலகைகளைத் தேடிப் பாருங்கள். அந்தத் தீ போர்க்காலத்தது இல்லை. 1992இல் நவநாஜிகள் வைத்தது. கருகலை மறைக்காமல் பாதுகாக்கிறார்கள்.

எட்டு வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிப்போகாதீர்கள். நீங்களும் மனைவியும் காலை ஒருவர், பிற்பகல் ஒருவர் என்று போய் வரலாம். கடைத்தெருவுக்கு அன்றைக்கு நேரம் இருக்காது.

சுவரில் பெயர் எழுதுவது குற்றம். வேடிக்கைக்காகவும் நாஜி வணக்கம்போல் கை நீட்டிப் படம் எடுக்கக்கூடாது. 2017இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் அப்படிச் செய்த இரண்டு சீனப் பயணிகளைப் போலீஸ் பிடித்தது. இன்னொன்று, நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது: கழுத்தில் ஸ்வஸ்திகம் பொறித்த டாலர். சட்டம் தடுப்பது நாஜிச் சின்னத்தைத்தான், நம் வழிபாட்டுச் சின்னத்தை அல்ல. ஆனாலும் முகாமுக்குப் போகும் நாளில் அதைக் கழற்றி ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.