அரைத் தட்டுச் சோறும் மாத்தளன் பசியும்

அன்புள்ள அக்கா,

நான் விசுவமடுப் பக்கம் இருக்கிறேன். வயது 45. விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். அவர் மேசன் வேலைக்குப் போகிறவர். மகளுக்கு 21 வயது, மகனுக்கு 14.

போன மாதம் காலில் முள் குத்திய காயம் ஆறாமல் கிடந்தது. இரவில் நாலைந்து தரம் சலத்துக்கு எழும்பினேன், தண்ணீர் விடாய் வேறு. வெயில் காலந்தானே என்று விட்டுவிட்டேன். ஊரில் நடந்த மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வெறும் வயிற்றில் 214. மூன்று மாதச் சீனியைக் காட்டுகிற பரிசோதனையில் 9.1. "சீனி வருத்தம் வந்திட்டுது அம்மா. சீனியை நிப்பாட்டுங்கோ, சோத்தைப் பாதியாக்குங்கோ, இந்தக் குளுசையைப் போடுங்கோ" என்றார் டொக்டர். இரண்டு நிமிடம் இருக்காது. எனக்குப் பின்னால் பெரிய வரிசை, அவரையும் குறை சொல்ல ஏலாது.

கிளினிக் கொப்பியை அரிசி வாளிக்குள் அடியில் வைத்தேன். இன்றைக்குப் பன்னிரண்டு நாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மகளுக்கு ஒரு இடத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள். தாய்க்குச் சீனி என்று அங்கே கதை போனால் என்ன நடக்குமோ. என் பெரியப்பாவுக்குச் சீனியால்தான் காலை எடுத்தார்கள். எங்கள் ஊரில் செல்லிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் கண்டால் சனம் எழும்பி இடம் கொடுக்கும். சீனியில் கால் போனால் "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்றுதான் சொல்வார்கள்.

இனி எழுத வெட்கமான விஷயம். அன்றைக்கு மத்தியானம் தட்டில் போட்ட சோற்றில் பாதியை அகப்பையால் திரும்பப் பானைக்குள் போட்டேன். கை நடுங்கியது. 2009 இல், சண்டையின் கடைசி மாதங்களில், மாத்தளனில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது ஒரு பேணி அரிசியை இரண்டு நாளுக்குப் பிரித்துக் கஞ்சி காய்ச்சினேன். மகளுக்கு அப்போது நாலு வயது. "அம்மா, இதுக்குள்ள சோறு இல்லை" என்று கஞ்சிக்குள் விரலை விட்டுத் தேடினாள். அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாமில் தட்டோடு வரிசை. மீளக் குடியேறிய நாளிலிருந்து என் வீட்டுப் பானை அடி தெரிந்ததில்லை. மிஞ்சினாலும் பரவாயில்லை என்று காய்ச்சுவேன், மிஞ்சினதை நானே சாப்பிடுவேன். இப்போது பகலில் அரை வயிறு. இரவு எல்லாரும் படுத்த பிறகு லைட்டும் போடாமல் பானைக்கு முன்னால் நின்று பழஞ்சோற்றை அள்ளித் தின்கிறேன். ஐந்து நாள் இப்படி நடந்துவிட்டது.

குளுசை வயிற்றைக் கலக்கியது. சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி முந்தி ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. நாலாம் நாளோடு நிப்பாட்டிவிட்டுக் களவாகப் பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன்.

செல்லுக்குத் தப்பி வந்தவள், ஒரு தட்டுச் சோற்றுக்கு இப்படி அழுகிறேன். எனக்கு விசரா அக்கா? வருகிற மே 18 ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். அதையாவது நான் குடிக்கலாமா?

இப்படிக்கு,
ஒரு தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குடியுங்கள். ஒரு சிரட்டை. கஞ்சி சீனியைக் கெதியாக ஏற்றும் என்பது உண்மைதான். அன்று காலை இடியப்பத்தைக் குறைத்துக்கொண்டால் சரி. வருடத்தில் ஒரு நாள் குடிக்கிற அந்தக் கஞ்சியைச் சாப்பாட்டுக் கணக்கில் மட்டும் வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

விசர் இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது நோயைவிட அந்த அகப்பைதான் எனக்குக் கண்ணில் நின்றது. "சோத்தைப் பாதியாக்குங்கோ" என்று டொக்டர் சொன்னது அன்றைக்குத்தான். உங்கள் கைக்கு அது 2009 இலேயே கேட்டுப் பழகின சொல். பசியில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த உடம்பு, தட்டில் சோறு குறைவதை வைத்தியமாக எடுக்காது, ஆபத்தாகத்தான் எடுக்கும். பகலில் பட்டினி போட்டால் இரவில் அது பானையைத் தேடிப் போகத்தான் செய்யும். வன்னியில் வேலை செய்யும் எங்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. ஒரு தாய் வீட்டில் அரிசி மூட்டையோடு படுப்பார். இன்னொருவர் பாணை ஒளித்து வைப்பார். இங்கே ஒருவருக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதாது என்பது என் அபிப்பிராயம்.

அதனால் சோற்றைப் பாதியாக்க வேண்டாம். தட்டை மாற்றுவோம். முதலில் தட்டின் பாதியை முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய், பயற்றங்காய் என்று வீட்டில் இருக்கிற மரக்கறியால் நிரப்புங்கள். கால்வாசிக்கு மீன், முட்டை அல்லது பருப்பு. மிச்சக் கால்வாசியில் சோறு. மீனையும் மரக்கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சீனி ஏறுவதும் கொஞ்சம் மெதுவாகும். தட்டும் நிறையும், வயிறும் நிறையும். இந்த வருத்தத்துக்குப் பட்டினி மருந்தே இல்லை. இரவில் பசித்தால் லைட்டைப் போடுங்கள். இருந்து, ஒரு கிண்ணம் அவித்த கடலையோ ஒரு முட்டையோ சாப்பிடுங்கள். இருட்டில் நின்று தின்பது வேண்டாம். அதில் வயிற்றுக்குப் போவதைவிட மனதுக்குப் போகிற வெட்கம்தான் கூட.

இடியப்பம் அவிக்கிற ஆட்களுக்கு உடைந்ததும் மிஞ்சினதும் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு வாய்க்குள் போகும், எனக்குத் தெரியும். அதே இடியப்பத்தில் இரண்டு மூன்றைச் சொதியோடும் முட்டையோடும் இருந்து சாப்பிடுங்கள். பிளேன்ரீக்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்தால் பரவாயில்லை என்று யாராவது வந்து சொல்வார்கள். அதுவும் சீனிதான். எங்கள் பனையில் எனக்கும் பாசம், ஆனால் பனங்கட்டியும் இரத்தச் சீனியை ஏற்றும்.

குளுசைக்கு வருவோம். நான் டொக்டர் இல்லை, மருந்தின் அளவை உங்கள் கிளினிக்தான் சொல்ல வேண்டும். ஆனால் புதிதாகச் சீனி பிடிபட்டவர்களுக்கு வழமையாகக் கொடுப்பது மெற்போமின். உங்களுடையதும் அதுதானா என்று பெட்டியைப் பாருங்கள். தொடக்கத்தில் வயிற்றைக் கலக்குவது அந்தக் குளுசையில் சாதாரணம். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போட்டால் பெரும்பாலும் சில கிழமைகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அளவைக் குறைத்துத் தொடங்கவும், மெதுவாகக் கரைகிற வகையைக் கொடுக்கவும் டொக்டர்மாருக்கு வழி இருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. வருடக்கணக்கில் கட்டுப்படாத சீனிதான் அந்த வேலையைச் செய்கிறது. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரும், அதற்காகத்தான் இரத்தம் சோதிக்கிறார்கள். மாமி பாதியைக் கேட்டுவிட்டு முழுதாகச் சொல்லியிருக்கிறார். பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள், ஆனால் குளுசையின் இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய், நிப்பாட்டினதையும் ஏன் நிப்பாட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஏசினால் ஒரு நிமிடம், அவ்வளவுதான். அந்தக் கால் காயம் இன்னும் ஆறவில்லை என்றால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் நாளைக்கே காட்டுங்கள்.

கால் என்றதும் உங்களுக்குப் பெரியப்பாதான் முன்னால் வருவார். ஒரே நாளில் கால் போவதில்லை, தங்கச்சி. சீனி நெடுநாள் உயர்ந்து நின்றால் பாதத்தில் உணர்வு மங்கும், இரத்த ஓட்டமும் குறையும். அப்போது முள் குத்தினாலும் தெரியாது, தெரியாத காயம் புண்ணாகி, பழுத்து, கடைசியில்தான் வெட்ட வேண்டி வரும். இடையில் பிடித்து நிறுத்த நிறைய இடம் இருக்கிறது. உங்களுக்கு முள் நொந்தது, காயத்தையும் கண்டீர்கள். அது நல்ல சங்கதி. இனி வளவுக்குள் போனாலும் செருப்பு. ஒவ்வொரு இரவும் விரலிடுக்கும் உள்ளங்காலும் பார்க்க வேண்டும்.

உள்ளங்காலைத் தனியாகப் பார்ப்பது கஷ்டம். மகளிடம் காலை நீட்டி, "பிள்ளை, இதில காயம் ஏதும் இருக்கோ பார்" என்று கேளுங்கள். ஏன் என்று கேட்பாள். அப்போது சொல்லுங்கள். கூட்டம் வைத்து அறிவிக்க வேண்டியதில்லை, ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும். உங்கள் அவருக்குக் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லலாம், முதலில் மகள். கஞ்சிக்குள் சோறு தேடின பிள்ளை அவள். நீங்கள் ஏன் பானைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று மற்ற எல்லாரையும்விட அவளுக்கு விளங்கும்.

சம்பந்தம் பற்றியும் ஒன்று. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வந்தே தீரும் என்றில்லை. நடந்து திரிந்து, உடம்பைப் பார்த்துக்கொண்டால் தள்ளிப்போகும், வராமலும் போகும். அந்த வீட்டுக்காரர் சீனியைச் சாட்டிப் பின்வாங்கினால், போகட்டும். சீனி இல்லாத வீடு ஒன்று இப்போது தேடிப் பிடிக்கிறது அவர்களுக்கும் லேசில்லை.

"வாயைக் கட்டத் தெரியாதவள்" என்பதை ஊர் இன்னும் சொல்லவில்லை. நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பரம்பரை, வயது, உடம்பு, நித்திரை, வருடக்கணக்கான பதற்றம், சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் இது வருகிறது. பதற்றம் இருக்கும்போது உடம்பு சுரக்கும் சில ஓமோன்களும் சீனியை ஏற்றும். ஒளித்து வைத்திருக்கிற இந்தப் பன்னிரண்டு நாளும் அதில் சேரும். அதனால் விரலில் குத்தி வருகிற ஒவ்வொரு எண்ணையும் சோதனை மார்க்ஸ் மாதிரிப் பார்க்காதீர்கள். 9.1 என்பது இரண்டு மூன்று மாதத்துக் கதை. அடுத்த கதையை மூன்று மாதத்துக்குப் பிறகுதான் பார்க்கலாம். அதுவரைக்கும் சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் ஒழுங்கை முனைவரை நடந்துவிட்டு வாருங்கள்.

நேரடியாக ஒன்று கேட்கிறேன். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வந்தால் எனக்கு அடுத்த கடிதம் எழுதும்வரை பொறுக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். மாத்தளனைப் பற்றிக் கதைக்க வேண்டும் போல இருந்தாலும், உங்கள் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் உளவளத்துணையாளரைக் கேளுங்கள். சீனிக் கிளினிக்குக்குப் போகிற அன்றே அங்கேயும் ஒரு எட்டுப் போகலாம், பஸ் காசு ஒன்றுதான்.

அப்புறம், அந்தக் கொப்பியை அரிசி வாளிக்குள் இருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த கிளினிக் திகதி அதில்தான் எழுதியிருக்கும், வாளிக்குள் இருந்தால் வண்டு அரித்துவிடும்.

அன்புடன்,
அக்கா