ரெட்ரோஆர்ச் செட்டிங்ஸ் மெனுவைக் குழப்பமில்லாமல் எப்படி ஒழுங்குபடுத்துவது?

பழைய கேம்கள் விளையாட ரெட்ரோஆர்ச் போட்டதாகவும், மெனுவில் தேடுவதிலேயே நேரம் போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு விஷயம். ரெட்ரோஆர்ச் தனி எமுலேட்டர் (பழைய கேம் மெஷின்களின் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம்) இல்லை. என்இஎஸ், கேம்பாய் அட்வான்ஸ், பிளேஸ்டேஷன் என்று ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி கோர்கள் உண்டு, கேமை உண்மையில் ஓட்டுவது அந்தக் கோர்தான். அத்தனை கோர்களுக்கும் பொதுவான முகப்புதான் இது. அதனால் எதை மாற்றினாலும், "இது எல்லாவற்றுக்குமா, இந்தக் கோருக்கு மட்டுமா, இந்த ஒரு கேமுக்கு மட்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெனு ஒழுங்கு என்பது என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விதான்.

எனக்கு இது புரிந்தது அக்கா மகனால். என்இஎஸ் கேம்களில் பட்டனை அழுத்தியதும் உடனே குதிக்க வேண்டும் என்று, லேட்டன்சி (தாமதம்) பகுதியில் ரன்-அஹெட் என்ற வசதியை 2 பிரேம் வைத்திருந்தேன். அருமையாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து பிளேஸ்டேஷன் ரேஸ் கேம் ஒன்றைப் போட்டான். சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது, கார் நகர்ந்து நகர்ந்து நிற்கிறது. "மாமா, வண்டியே ஓட மாட்டேங்குது!" வீடியோ டிரைவரை மாற்றினேன், ரெசல்யூஷனைக் குறைத்தேன், ஒரு மணி நேரம் போனது. காரணம் அந்த ரன்-அஹெட். அது வரப்போகும் பிரேம்களையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பதால் ஒவ்வொரு பிரேமுக்கும் பிராசசருக்குக் கூடுதல் வேலை. என்இஎஸ்ஸுக்கு என் பழைய லேப்டாப் தாங்கியது, பிளேஸ்டேஷனுக்குத் தாங்கவில்லை. நான் அதை எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சேமித்திருந்தேன்.

இப்போது அப்படிச் செய்வதில்லை. கேமைத் திறந்து, வேண்டியதை மாற்றிவிட்டு, குயிக் மெனுவில் (கேம் ஓடும்போது வரும் மெனு) ஓவர்ரைட்ஸ் பகுதிக்குப் போகிறேன், பொது அமைப்புக்கு மேலாகச் செல்லும் தனி அமைப்புகள் அவை. அங்கே கோர், ஃபோல்டர், கேம் என்று மூன்று வகையாகச் சேமிக்கலாம். மூன்றும் இருந்தால் கேமுக்குச் சேமித்ததுதான் கடைசியில் செல்லும். ரன்-அஹெட் என்இஎஸ் கோரின் ஓவர்ரைடில் மட்டும் இருக்கிறது. படத்தின் தோற்றத்தை மாற்றும் ஷேடருக்கு மட்டும் இந்த வழி இல்லை. அதை ஷேடர் மெனுவிலேயே கோருக்கோ கேமுக்கோ பிரீசெட்டாகச் சேமிக்க வேண்டும்.

சரி, மெனு நீளம். செட்டிங்ஸில் யூசர் இன்டர்ஃபேஸ், அதற்குள் மெனு ஐட்டம் விசிபிலிட்டி. குயிக் மெனுவில் எது தெரிய வேண்டும், எது வேண்டாம் என்று அங்கே ஒவ்வொன்றாக அணைக்கலாம். ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங், தம்ப்நெயில் இறக்குவது, கோர் அசோசியேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். சேவ் ஸ்டேட் (கேமை அந்த இடத்திலேயே சேமிப்பது), கோர் ஆப்ஷன்ஸ், கன்ட்ரோல்ஸ், ஷேடர்ஸ் வைத்திருக்கிறேன். ஓவர்ரைட்ஸை எல்லாம் அமைத்து முடித்த பிறகு மறையுங்கள், அதற்கு முன் வேண்டாம். அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் காட்டுவதையும் அணைத்தால் மற்றப் பக்கங்களும் சுருங்கிவிடும்.

குழந்தைகள் விளையாடுகிற கம்ப்யூட்டர் என்றால் யூசர் இன்டர்ஃபேஸில் கியாஸ்க் மோடு இருக்கிறது. செட்டிங்ஸ் சம்பந்தப்பட்டவை எல்லாம் மறைந்துவிடும், பாஸ்வேர்டும் வைக்கலாம்.

அப்புறம், மெனுவுக்கே போகாமல் முடிகிற வேலைக்கு மெனு எதற்கு? கீபோர்டில் எஃப்2 சேவ் ஸ்டேட், எஃப்4 லோடு ஸ்டேட், எஃப்1 மெனு. கன்ட்ரோலரில் மெனு திறக்க ஹாட்கீஸ் பகுதியில் ஸ்டார்ட்டும் செலக்ட்டும் சேர்த்து அழுத்துவது மாதிரி ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பிஎஸ்பி கேம் மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் ரெட்ரோஆர்ச்சே தேவையில்லை, பிபிஎஸ்எஸ்பிபி என்ற தனி பிஎஸ்பி எமுலேட்டர் போதும். அதிலும் ஒரு கேமுக்கு மட்டும் தனி கான்ஃபிக் உருவாக்க முடியும்.

எல்லாம் பிடித்தபடி அமைந்ததும், வெளியேறும்போது கான்ஃபிகரேஷனைத் தானாகச் சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விளையாடும்போது கைதவறி எதையாவது மாற்றினாலும் அடுத்த முறை திறக்கையில் பழையபடியே இருக்கும். பொதுவாக எதையாவது மாற்ற வேண்டுமானால் கான்ஃபிகரேஷன் ஃபைல் மெனுவில் நீங்களே சேமித்துக்கொள்ளலாம். கான்ஃபிக் ஃபோல்டரையும் ரெட்ரோஆர்ச்.சிஎஃப்ஜி ஃபைலையும் ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். லேப்டாப் மாற்றியபோது எனக்கு அந்த இரண்டும்தான் கைகொடுத்தன.